அறியாமல் சுமப்பவர்

வெளிநாட்டுக் கல்லூரி விடுதிக்குப் புறப்படவிருந்த ஒரு மாணவியின் தாய், பேத்துப்பாறையில் என்னைக் காண வந்தார். மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு வரும்படி கல்லூரி எழுதியிருந்தது. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு சாமி ஊசி?" என்றார்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதில் பாதி, குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறி இறையியலைச் சார்ந்தது.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த உறையைத் தாக்கும் இந்நோய், காய்ச்சலும் தலைவலியுமாய்த் தொடங்கி ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது. பிழைத்தவரிலும் சிலர் செவித்திறனை இழக்கின்றனர். சிலர் கைகால்களையே இழக்கின்றனர். அதே கிருமி, ஏறத்தாழப் பத்தில் ஒருவருடைய மூக்கிலும் தொண்டையிலும் எத்தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. சுமப்பவருக்கு ஓர் இருமல்கூட இராது. ஒரே அறையில் நெருங்கி வாழ்ந்தால் அது அடுத்தவரைச் சென்றடையும்.

அறியாமல் தீங்கிழைத்தவர் குற்றவாளியா? புனித தோமா அக்குவினா, முயன்றாலும் நீக்க இயலாத அறியாமையையும் முயன்றால் நீங்கும் அறியாமையையும் வேறுபடுத்தினார். முன்னதில் பாவமில்லை. தன் தொண்டையில் கிருமி இருப்பதை அம்மாணவி அறிய வழியில்லை. ஆனால் இருக்கக்கூடும் என அறிந்தபின், "நான் நலமாயிருக்கிறேன்" என்பது முழு விடையாகுமா?

1987-இல் ஹஜ் பயணிகளிடையே இந்நோய் பரவியபின் சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000-இலும் 2001-இலும் வேறு வகைக் கிருமி பரவவே, 2002 முதல் நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி தேவையாயிற்று. இறைவன் திருமுன் நிற்கப் புறப்படுபவர், தம் அருகே நிற்கப்போகும் முகமறியாதவருக்காகவும் கையை நீட்டுகிறார். (வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் நம்மில் எத்தனை பேர் வாயை மூடி இருமுகிறோம் என்பது வேறு கதை.)

புனே சீரம் நிறுவனம் தயாரித்த ஏ வகைத் தடுப்பூசி, 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் தொடங்கி, ஆப்பிரிக்காவில் 1 முதல் 29 வயது வரையுள்ள கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. கிருமி தொண்டையில் தங்குவதையே அது குறைத்ததால், ஊசி போடாத கைக்குழந்தைகளும் முதியோரும் தப்பினர். 2017-க்குப் பின் அந்நாடுகளில் ஏ வகை நோய் உறுதிசெய்யப்படவில்லை. எல்லா மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளும் இவ்வாறு தொண்டைவரை காப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"கை ரெண்டு நாள் வலிக்கும், லேசாக் காய்ச்சல் வரலாம். உங்க பிள்ளைக்காகவும், பக்கத்துக் கட்டில்ல படுக்கப்போற பிள்ளைக்காகவும் போடுங்கம்மா" என்றேன்.

"அப்ப எனக்கும் போடணுமா சாமி?"

நம் நாட்டின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. மண்ணீரல் அகற்றப்பட்டோர், விடுதிக்கோ ஹஜ்ஜுக்கோ செல்வோர் போன்றோருக்கே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். "உங்களுக்குத் தேவைப்படாது, எதுக்கும் டாக்டரைக் கேட்டுக்குங்க" என்றேன். அவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்ததுபோல் இருந்தது.