மார்கழித் தளிகை

மாதங்களுள் தான் மார்கழியாக விளங்குவதாகக் கீதாசாரியன் விபூதி யோகத்தில் அருளிச் செய்தான். மானிடர்க்கு ஓராண்டு, தேவர்க்கு ஒரு நாள் என்பது சாஸ்திரம். உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தட்சிணாயனம் இரவு. அவ்விரவின் கடைசிப் பகுதியாய், பொழுது புலரும் வேளையாய் அமைந்தது மார்கழி. ஆதலால் இம்மாதத்து விடியல் ஒவ்வொன்றும் விடியலுக்குள் விடியல் ஆகிறது. எம்பெருமானைத் துயிலுணர்த்தும் திருப்பாவை முப்பதும் இம்மாதத்தில் நாளுக்கொரு பாசுரமாகச் சிறப்புற்று ஓங்குவதற்குக் காரணம் இதுவே.

நாஞ்சில் நாட்டில் சுசீந்திரத்திற்குக் கிழக்கே, மருந்துவாழ் மலைக்கு அண்மையில் அமைந்த மயிலாடியிலும் மார்கழியின் வரவு தனி அழகுடையது. சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலில் பத்து நாள் மார்கழிப் பெருவிழா நடைபெறும் காலம் அது. ஒன்பதாம் நாள் தேரோட்டம் காண ஊர்கள் திரளும். வயல்களில் கும்பப்பூ நெல் வளர்ந்து நிற்கும். 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களின் வழியே வந்து அப்பயிரை ஊட்டும். கன்னிப்பூவில் அறுத்த நெல்லோ வீட்டில் அரிசியாகி இருக்கும். பனி இறங்கும் வைகறையில் வாசலில் கோலம், தெருவில் பஜனை, அடுக்களையில் அடுப்பு என மூன்றும் ஒருங்கே எழும்.

இங்கே ஓர் ஐயம் எழுவதுண்டு. கோயிலில் திருப்பாவை சேவிக்கப்படும் வேளையில், வீட்டிலே ஈர உடையுடன் அடுப்பின் முன் நின்று பொங்கல் கிளறும் இல்லத்தரசி கோஷ்டியில் கலந்துகொள்ள முடிவதில்லை. பாசுரம் ஒலிபெருக்கியின் வழியாகவே அவள் செவிக்கு எட்டுகிறது. அதுவும் பால் பொங்கும் நேரத்தில் தவறிவிடுகிறது. முப்பது நாளும் அடுக்களையிலேயே கழிந்த அவளுக்கு மார்கழி நோன்பின் பலன் குறைவுபடுமோ? தரிசனம் பெற்றவர்க்கு ஒரு பலன், தளிகை செய்தவர்க்கு ஒரு பலன் என்று பாகுபாடு உண்டோ? இவ்வையத்திற்கு விடை காண்பது மார்கழியின் உட்பொருளையே காண்பதாகும்.

அமுது என்னும் சொல்

ஸ்ரீவைஷ்ணவர்களின் இல்லங்களில் சமையல் என்ற சொல் வழங்குவது அரிது. தளிகை என்பதே மரபு. ரசத்தைச் சாற்றமுது என்பர். காய்கறியைக் கறியமுது என்பர். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பர். உண்பது எதுவாயினும் அமுது ஆவது எங்ஙனம்? எம்பெருமான் கண்டருளிய பின்பு மிஞ்சுவது அவன் பிரசாதம்; ஆதலின் அது அமுது. அடுப்பில் ஏற்றும்போதே அச்சொல்லால் அழைப்பதன் கருத்து, அது தொடக்கத்திலிருந்தே அவனுக்கு உரியது என்பதாம்.

தனக்கென்று மட்டும் சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கடிந்துரைக்கின்றது. இலையோ, பூவோ, கனியோ, நீரோ அன்புடன் அளிப்பதை ஏற்பேன் என்று ஒன்பதாம் அத்தியாயம் அபயம் அளிக்கின்றது. ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று அழைப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்ததுதான் இல்லத்து அடுக்களை.

அதனாலேயே தளிகைக்கு நியமங்கள் ஏற்பட்டன. நீராடி மடி உடுத்தல், வெங்காயம் பூண்டு விலக்கல், அடுப்பை மெழுகிக் கோலமிடுதல், நிவேதனத்திற்கு முன் சுவை பாராதிருத்தல், துளசி சேர்த்துக் கண்டருளப் பண்ணுதல் என்பன அவை. இவற்றுள் அரியது சுவை பாராதிருத்தலே. உப்பு கூடியதோ குறைந்ததோ என்று நாவில் இட்டுப் பார்க்காமல், கைப்பழக்கத்தையும் மணத்தையுமே துணையாகக் கொண்டு அமுது சமைப்பது எளிதன்று. சமைப்பவரின் நாவுக்கு முன்னே எம்பெருமானின் திருநா நிற்கிறது என்ற நினைவு மாறாதிருப்பதற்கே அந்த நியமம். அந்நினைவு ஒரு நாழிகை நிலைத்தாலும் அது தியானமே ஆகும்.

முறையும் பொறுமையும்

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. அன்றைய பாசுரத்தின் முதற்சொல்லைக் கொண்டே நாளுக்கு அப்பெயர் அமைந்தது. ஆங்கில மாதக் கணக்கில் பெரும்பாலும் ஜனவரி 11 அல்லது 12ஆம் தேதி வரும். அன்று எம்பெருமானுக்கு அக்காரவடிசில் அமுது செய்விப்பது வழக்கம்.

இதன் பக்குவத்தை அறிந்தோர் அதில் மறைந்துள்ள உபதேசத்தையும் அறிவர். பச்சரிசி ஒரு பங்கு, சிவக்க வறுத்த பயற்றம்பருப்பு கால் பங்கு, பால் ஆறு பங்கு, வெல்லம் இரண்டு பங்கு, நெய் அரைப் பங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்கல உருளியில் பாலை ஊற்றிக் காய்ச்சி, கழுவிய அரிசியையும் பருப்பையும் இட்டு, சிறு தீயில் இடைவிடாது கிளற வேண்டும். பால் சுண்டச் சுண்ட மேலும் வார்த்து, அரிசி மணி தெரியாதபடி குழையும் வரை காத்திருக்க வேண்டும். வெல்லத்தைத் தனியே நீரில் கரைத்து, மண்ணும் கல்லும் போக வடிகட்டி, பாகாக்கி, ஆறவிட்டு வைத்திருக்க வேண்டும். அரிசி முற்றும் குழைந்தபின் உருளியை இறக்கி, பாகைச் சேர்த்து, நெய் வார்த்து, மீண்டும் இளந்தீயில் வைத்துக் கிளறி, ஏலமும் குங்குமப்பூவும் சிறிது பச்சைக்கற்பூரமும் இட்டால் அக்காரவடிசில் பக்குவமாகும்.

அவசரப்பட்டு வெல்லத்தை முன்னரே இட்டால் நேர்வது யாது? இனிப்பு நீரைத் தன்பால் பற்றிக்கொள்ளும். அரிசியின் உள்ளே நீர் புகாது. பின்பு எத்தனை நாழிகை அடுப்பில் இருந்தாலும் அம்மணி விறைத்தே நிற்கும். வெல்லத்தில் இயல்பாக உள்ள புளிப்பினால் கொதிக்கும் பாலும் திரிந்து போகும். பாலும் வெல்லமும் தனித்தனியே குற்றமற்றவை. முறை பிறழ்ந்தமையே கேட்டுக்குக் காரணம்.

கோதை நாச்சியார் காட்டிய நோன்பும் இம்முறையே. இரண்டாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் வேண்டா என்கின்றனர். இருபத்தேழாம் பாசுரத்தில் அணிகலனும் புத்தாடையும் கேட்டு, சோறு மறைய வார்த்த நெய் முழங்கை வரை ஒழுகும் பாற்சோற்றைக் கேட்கின்றனர். விலக்கிய நெய்யும் பாலுமே பன்மடங்காகத் திரும்பி வருகின்றன. இடையில் நிகழ்ந்தது யாது? வைகறை நீராடல், தோழியரை ஒவ்வொருவராய் எழுப்பல், நந்தகோபன் வாசலில் காத்திருத்தல், அகந்தை அழிந்து அடைக்கலம் புகல் ஆகியனவே. உள்ளம் குழைவதற்கு ஆன காலம் அது. குழைந்த உள்ளத்தில் இனிமை சேரும். குழையாத உள்ளத்தில் இனிமையைக் கொட்டினால் அது மேலும் விறைக்கும்.

மயிலாடிக் கல்தச்சர்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கருங்கல்லில் திருமேனி வடிப்பவர் திருமுகத்தையும் திருக்கரங்களையும் நிறைவு செய்த பின்னரே, இறுதியாக, நாள் பார்த்துத் திருக்கண் திறப்பர். கண்ணழகை முதலில் காண வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கும் இராதோ? ஆயினும் பொறுத்திருப்பர். உளிபட்டு உருவம் நிறைந்த பின்பு கண் திறத்தலும், தீயில் குழைந்து பதம் நிறைந்த பின்பு பாகு சேர்த்தலும் ஒரே நெறியைச் சார்ந்தவை. கல்லில் ஒன்று மூர்த்தியாகிக் கருவறை சேர்கிறது; மற்றொன்று அம்மியாகி, ஆட்டுரலாகி அடுக்களை சேர்கிறது. பிறந்த பாறை இரண்டுக்கும் ஒன்றே.

யாகசாலையும் அடுக்களையும்

முன்னர் எழுந்த ஐயத்திற்கு ஸ்ரீமத் பாகவதம் பத்தாவது ஸ்கந்தத்தில், 23ஆம் அத்தியாயத்தில் விடை கூறுகிறது. யமுனைக் கரையில் கண்ணனும் பலராமனும் ஆயச் சிறுவரும் பசியுற்றனர். அண்மையில் வேதியர் சிலர் வேள்வி இயற்றிக்கொண்டிருந்தனர். சிறுவர் சென்று அன்னம் வேண்டினர். வேதியர் உண்டு என்றும் கூறவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. மந்திரத்தில் கண்ணாயிருந்தவர்க்கு மந்திரத்தின் பொருளே வாசலில் வந்து நிற்பது தெரியவில்லை. சிறுவர் வாட்டத்துடன் திரும்ப, அவ்வேதியரின் மனைவியரிடம் சென்று கேட்குமாறு கண்ணன் பணித்தான்.

கண்ணன் பெயரைச் செவியுற்ற மாத்திரத்தில் அப்பெண்மணிகள் உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்னும் நால்வகை அமுதையும் கலங்களில் ஏந்தி, தடுத்தோர் சொல்லையும் கேளாது, ஆறு கடலை நோக்கி ஓடுவது போல் ஓடினர். வேள்விக்கூடத்தினர் அடையாத தரிசனத்தை அடுக்களையினர் அடைந்தனர். பின்னர் அவ்வேதியர் தம் கல்வியையும் விரதத்தையும் நொந்துகொண்டு, தம் மனைவியரின் பக்தியைப் புகழ்ந்தனர் என்று பாகவதம் முடிக்கிறது.

திருக்கண்ணபுரத்தில் வழங்கும் முனையதரையன் வரலாறும் இதற்குச் சான்று. நள்ளிரவில், கோயில் நடை சார்த்திய பின்பு, வீட்டில் சமைத்த பொங்கலை முனையதரையன் மனத்தால் எம்பெருமானுக்குச் சமர்ப்பித்தான். மறுநாள் கருவறை திறந்தபோது உள்ளே பொங்கல் மணம் கமழ்ந்தது என்பர். இன்றும் அத்திருத்தலத்தில் அர்த்தசாமத்தில் பொங்கல் அமுது செய்விக்கப்படுகிறது. தாளிட்ட கதவு தரிசனத்துக்குத் தடையாகலாம், தளிகைக்குத் தடையாகவில்லை.

ஆகவே பொங்கல் கிளறும் கை கோஷ்டியில் இல்லை என்று கூற இயலாது. எனினும் இதனைச் சாக்காக்கி, அவள் அடுக்களையிலேயே இருக்கட்டும் என்று ஏனையோர் போர்வைக்குள் இருப்பது தகாது. திருமடைப்பள்ளியில் தளிகைக் கைங்கர்யம் புரியும் பரிசாரகர்கள் ஆடவரே அன்றோ? மலையாளத் தாந்திரிக மரபு வழங்கும் கோயில்களில் திடப்பள்ளி எனப்படும் அதே இடத்திலும் அவர்களே நிற்கின்றனர். கோயிலில் பெருமையாகும் பணி வீட்டில் சிறுமை ஆகாது. விறகு எடுத்துத் தருவதும், தேங்காய் துருவுவதும், கணவனோ மகனோ ஒரு நாள் உருளியின் முன் நின்று அவளைத் திருப்பாவைக்கு அனுப்பி வைப்பதும் மார்கழி நோன்பின் அங்கங்களே. துயில்வோரை எழுப்பிக் கூட்டிச் செல்வதன்றோ திருப்பாவை! வீட்டில் ஒருத்தியை மட்டும் விட்டுச் செல்வது அதன் கருத்துக்கு இசையாது.

கூடி உண்ணும் நாள்

கோதை நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பாத்திரம் நிறைய வெண்ணெயும் நூறு பாத்திரம் நிறைய அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். சொல்லால் நேர்ந்ததைப் பொருளால் நிறைவேற்ற ஒருவர் பின்னாளில் தோன்றினார். 1017ஆம் ஆண்டு அவதரித்த உடையவர் இராமாநுசர் திருமாலிருஞ்சோலை சென்று நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அமுது செய்வித்தார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்தபோது, தங்கையின் வேண்டுதலை நிறைவேற்றிய தமையனாகக் கருதி, ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்பது குருபரம்பரைச் செய்தி. காலத்தால் முந்தியவள் தங்கையாகவும் பிந்தியவர் தமையனாகவும் ஆன உறவு, தளிகையினால் அமைந்த உறவே.

கூடாரவல்லியின் நிறைவு உண்பதில் இல்லை. பகிர்ந்து கூடி உண்பதில் இருக்கிறது. அன்று உருளியை வழித்துத் தம் மக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் இல்லத்தில் அக்காரவடிசில் உண்டு, கூடாரவல்லி இல்லை. அண்டை வீட்டு முதியவர், தேர்வு நெருங்கும் பிள்ளைகள், கல்பட்டறையில் காலை முதல் உளி பிடிப்போர், வயலில் களை பறிப்போர் ஆகிய எல்லோர் கையிலும் ஒரு தொன்னையேனும் சேர வேண்டும். நெய் குறைவாயினும் குறையில்லை. ஆழாக்கு அரிசிதான் உண்டெனில் ஆழாக்கே போதும். ஆயின் அது குழைய வேண்டும், பகிரப்பட வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் திருப்பதிசாரம் என்று இன்று வழங்கும் திருவண்பரிசாரம், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையின் பிறப்பிடமாகப் போற்றப்படுவது. ஆழ்வாரை ஈன்ற தாயின் ஊரிலேயே நெல் ஆராய்ச்சி நிலையமும் அமைந்து, திருப்பதிசாரம் என்னும் பெயரிலேயே நெல் வகைகள் உலவுகின்றன. தமிழ் மறைக்கும் தாய்வீடு, நெல்லுக்கும் தாய்வீடு என்று நாஞ்சிலார் மகிழ்வதற்கு உரிமை உண்டு. அந்நெல்லின் ஒரு பிடி மார்கழி விடியலில் எம்பெருமானுக்கு அமுதாகி, ஊரார்க்குப் பிரசாதமாகும்போதே அவ்வுரிமை நிறைவுறும்.

பொங்கல் கிளறும் கைகளுக்கும், அக்கைகளுக்குத் துணை நிற்கும் கைகளுக்கும், பிரசாதம் ஏந்த நீளும் கைகளுக்கும் சூடிக்கொடுத்த சுடர்க்கொடியின் அருள் ஒரே அளவாகப் பெருகுக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.