முறையீடும் காலவரையும்

உரிமையிழந்த ஒருவன் அவ்விழப்பினை எத்தனை நாளுக்குள் எடுத்துரைத்தல் வேண்டும்? நடைமுறைச் சட்டத்தின் சிறுகூறு ஒன்றாகவே பலரும் இவ்வினாவைக் கருதுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தை மனங்கொண்டு நோக்குமிடத்து, இது நீதியின் அடிப்படையையே தொடுவதாகும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சட்டமுறையான எத்தொழிலிலும் ஈடுபடும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்கு வழங்குகின்றது. ஆட்சித்துறையின் செயலால் அது மீறப்படின், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும். எழுத்திலான ஒப்பந்தமொன்றின்மீது வழக்கிடவோ 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 6 ஆண்டுகள் தருகின்றது. கொடுத்த கடனைக் கேட்க 6 ஆண்டு. அரசிடம் உரிமையைக் கேட்க ஒரு மாதம்!

காலவரையே வேண்டாம் எனல் பொருந்தாது. கடல் பலருக்கும் பொதுவானது. ஒருவர் பெறும் அனுமதி மற்றொருவர் வலையைப் பாதிக்கும். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இழுவைப்படகுத் தொழிலாளரை வருத்தியதாயினும், சிறுவலைத் தொழிலாளருக்கு அது நெடுநாட் கோரிக்கை. ஆகவே கட்டுப்பாடு யாவும் அநீதியாகா. ஒரு முடிவை நம்பிப் பிறர் தொழிலமைத்த பின்னர், அதனை எக்காலத்திலும் கிளறலாம் என்பதும் நீதியன்று.

ஆயினும் மீனவனின் இழப்பு ஒரு நாளில் நிகழ்வதன்று. அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டதென எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. "அடுத்த கிழமை வாரும்" என்பர். அவனும் போவான். அதற்குள் சோளகம் கழிந்து வாடை பிறந்துவிடும். அவனுடைய ஒரு மாதம் எந்நாளிலே தொடங்கியது? போர்க்காலத்தில் நிலைமை இன்னுங் கொடியது. கடற்படையின் பாஸ் இன்றித் தொழிலுக்குச் செல்லவியலாத கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு, 2006 ஆகத்தில் ஏ-9 வீதியும் மூடப்பட்டது. வழக்குரைக்கவேண்டிய மன்றமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலே கொழும்பில் இருந்தது.

தடுப்பில் உள்ளவனுக்கு இவ்விடர் உண்டென்பதை உயர் நீதிமன்றம் உணர்ந்தேயுள்ளது. 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், கட்டுப்பாடு நீங்கிய நாளிலிருந்தே மாதம் கணிக்கப்படல் வேண்டும் எனப்பட்டது. சிறைக்கதவுக்குப் பொருந்தும் இந்நியாயம், மூடப்பட்ட கடலுக்கும் வீதிக்கும் பொருந்தாமைக்குக் காரணம் யாது?

மனித உரிமைகள் ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சிறிது இடமளிக்கின்றது. ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கையளித்தமை மட்டும் போதாது, விசாரணை நடந்தமையும் காட்டப்படவேண்டும் என்று தீர்ப்புகள் எழுந்துள்ளன. பற்றுச்சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்பியவன் இதனை எங்ஙனம் அறிவான்? விசாரிக்காதது அவன் குற்றமன்றே.

மாதத்தை மூன்றாகவோ ஆறாகவோ நீட்டுதல் நன்றே. ஆனால் தாமதத்தை விளைவித்த தரப்பே அத்தாமதத்தைக் காட்டித் தப்புவதை அந்நீட்டிப்பு மட்டும் தடுக்காது. காரணங் கூறிய மறுப்பு எழுத்தில் கைக்குக் கிடைத்த நாளே முதல் நாளாதல் வேண்டும். அத்தகைய கடிதம் எழுதப்படும்வரை, விண்ணப்பித்தவனுக்கு எதிராக நாட்களை எண்ணும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.