சூரைச் செடியின் நிழலில்



இரவுச் செபம் முடிந்து பாயில் படுத்த பின்னும் பற்களைக் கடித்துக்கொண்டு கிடக்கிறீர்களா? தோள் இறுகி, நெஞ்சு படபடத்து, கட்ட வேண்டிய கடனும் பிள்ளையின் பரீட்சையும் கண்முன் நிற்கின்றனவா? "எனக்கு விசுவாசம் போதாது" என்று உங்களையே குற்றஞ்சாட்டாதீர்கள். எலியாஸ் தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள்.

கார்மேல் மலையில் வெற்றி கண்ட அவரே யெசபேலுக்கு அஞ்சி ஓடினார். பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை, உறங்க விட்டார். தூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினார். மீண்டும் உறங்கினார், மீண்டும் உணவு கிடைத்தது. அதன் பின்னரே ஓரேப் மலைக்கு 40 நாட் பயணம். அதன் பின்னரே அந்த மெல்லிய குரல். உடலைத் தேற்றிய பின்னரே இறைவன் உள்ளத்தோடு பேசினார்.

நமது உடல் தூய ஆவியின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். கோயிற் கூரை ஒழுகினால் உடனே கவனிக்கும் நாம், இந்த ஆலயம் முனகும்போது ஏன் கேட்பதில்லை?

1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், நாட்பட்ட நோவுடையோருக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியான மரபிலிருந்து பெற்றது அது. பாதம் முதல் தலை வரை உடலை உறுப்புறுப்பாகக் கவனிப்பது அதன் ஒரு பகுதி. நமக்கும் இது முற்றிலும் அந்நியமல்ல. மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரலோக மந்திரத்தைச் சொல்லும் முறையை, 16ஆம் நூற்றாண்டிலேயே புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் கற்பித்தார்.

இன்றிரவு செய்து பாருங்கள். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். இரு பாதங்களும் நிலத்திற் படுவதை உணருங்கள். கால், வயிறு, தோள், தாடை என மெல்லக் கவனியுங்கள். இறுகிய இடத்தைத் தளர விடுங்கள். பின்னர் மூச்சுக்கு ஒரு சொல்லாக அந்தச் செபத்தைச் சொல்லுங்கள். மனம் ஓடினால் கோபியாமல் அழைத்து வாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொடிய அனுபவங்களைச் சுமப்போருக்குக் கண்களை மூடியதும் பழைய காட்சிகள் எழலாம். அவர்கள் கண்களைத் திறந்தபடி பாதங்களை மட்டும் உணரட்டும். துன்பம் கூடினால் நிறுத்திவிட்டு வைத்தியரை நாடட்டும். அது விசுவாசக் குறைவன்று.

உடலின் அமைதியே அருள் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஓரேபிலே இறைவன் எலியாஸை மலையிலேயே இருத்தி வைக்கவில்லை; வந்த வழியே பணிக்கு அனுப்பினார்; துணைக்கு எலிசேயுவையும் தந்தார்.

உங்கள் வீட்டில் சூரைச் செடியின் கீழ் இருப்பவர் யார்? அவருக்கு முதலில் உணவும் உறக்கமும் கொடுங்கள். புத்திமதி பிறகு சொல்லலாம்.