ஓசை ஓய்ந்தால் போதுமா?

கடகட... கடகட... கடகட!

காருக்குள்ளிருந்து எழுந்தது அந்த ஓசை. முன்னே அமர்ந்திருந்தவர் பின்னாலிருந்து வருகிறது என்றார். பின்னே அமர்ந்திருந்த நாம் முன்னாலிருந்து வருகிறது என்றோம். கதவைக் குறை கூறினார் ஒருவர்; கூரையைக் குறை கூறினார் மற்றொருவர். ஓசை மட்டும் யாருக்கும் அஞ்சவில்லை. மேடு கண்டால் முழங்கிற்று, பள்ளம் கண்டால் பாடிற்று.

சேலத்திலே உள்ள நம் நண்பரின் கார் அது. பத்தாண்டு உழைத்த வண்டி. "ஒரு மாதமாகவே இப்படித்தான்" என்றார் நண்பர். பிரேக்கில் ஏதோ வேலை பார்த்த இடத்திலேயே சென்று கேட்டாராம். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று விடை தந்து அனுப்பிவிட்டார்களாம். என் செய்வார் நண்பர்? வானொலியின் ஓசையைக் கூட்டினார். காரின் கடகடப்பு காதில் விழவில்லை. நோய் தீர்ந்தது என்று கருதினார்!

நண்பரின் அன்னையார் வேறு மருத்துவம் செய்திருந்தார். "யார் கண்ணோ பட்டுவிட்டது" என்று கூறி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முகப்பிலே கட்டியிருந்தார். கண்டோம், நகைத்தோம். நாமா நகைக்காமலிருப்போம்? காரணமின்றிக் காரியமில்லை என்று மேடைதோறும் முழங்குபவர்களல்லவா நாம்! மறுநாள் காலையில் நண்பர், அன்னையையும் குழந்தைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு செல்ல இருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை. ஆகவே அன்று மாலையே அந்த ஓசையின் மூலத்தைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

தேடுதல் தொடங்கிற்று. முன்பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த பொருள்களையெல்லாம் வெளியே எடுத்தோம். கதவுப் பைகளைத் துழாவினோம். டிக்கியைத் திறந்து ஜாக்கியை அசைத்துப் பார்த்தோம். அது இறுகவே இருந்தது. இறுதியில், முன் இருக்கைக்கு அடியிலே, இருக்கை நகரும் தண்டவாளத்தின் ஓரத்திலே, கை விரலில் தட்டுப்பட்டது ஒரு கோலிக்குண்டு!

வெற்றி! வேறென்ன சொல்வது? குழந்தை தவறவிட்ட கோலிக்குண்டு, வண்டி ஆடும்போதெல்லாம் இரும்பிலே மோதி ஒலி எழுப்பியிருக்கிறது. "அம்மா, பார்த்தீர்களா! கண்ணுமில்லை, காற்றுமில்லை, கோலிக்குண்டுதான்" என்றோம். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. வழுவழுப்பான பெருஞ்சாலையிலே வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஓசையே இல்லை. பகுத்தறிவின் வெற்றியைக் குறித்து நண்பருக்குச் சிறு சொற்பொழிவே ஆற்றிவிட்டோம்.

வீடு திரும்பும் வழியில், டயருக்குக் காற்றடிக்க ஒரு கடை வாயிலிலே வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு சிறு பட்டறை. நெய்க்கறை படிந்த சட்டையுடன் வெளியே வந்தார் ஒரு முதிய மெக்கானிக்.

"வண்டியிலே என்ன சத்தம் ஐயா?" என்றார்.

"அது போய்விட்டது. கோலிக்குண்டு. இதோ எடுத்துவிட்டோம்" என்றார் நண்பர்.

"போகவில்லையே ஐயா. இந்தப் பள்ளத்திலே இறங்கும்போது இப்போதுதானே கேட்டேன்."

நமக்குச் சற்றே சினம் வந்தது, மறைப்பானேன்? கையில் சான்றாகக் கோலிக்குண்டு இருக்கிறது; இவர் இல்லை என்கிறாரே! ஆனால் அவர் வாதாடவில்லை. வினவத் தொடங்கினார். வண்டி நிற்கும்போது, எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஓசை வருகிறதா? இல்லை. அப்படியானால் சைலன்சர்மீது வெப்பத்தைத் தடுக்க மூடியிருக்கும் தகடு அன்று. அதன் திருகு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் நின்ற இடத்திலேயே அதிரும் என்றார். எஞ்சினின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வருகிறதா? இல்லை. அப்படி வந்தால், அந்த வேகத்துக்கு ஒத்து அதிரும் ஏதோ ஒரு தகட்டையோ தாங்கியையோ தேட வேண்டும் என்றார். மேடு பள்ளத்திலேதான் வருகிறதா? ஆம். "அப்படியானால் சக்கரத்துப் பக்கம் போவோம்" என்றார்.

நம் நண்பரை ஓட்டச் சொல்லித் தாமும் ஏறிக்கொண்டார். பட்டறைக்குப் பின்னாலிருந்த கரடுமுரடான சந்திலே வண்டி மெல்ல ஊர்ந்தது. கடகட! கோலிக்குண்டு நம் கையில் இருக்கிறது. ஓசையோ வண்டியில் இருக்கிறது! "பிரேக்கை இலேசாக மிதியுங்கள். நிறுத்த வேண்டாம்" என்றார். மிதித்தார். ஓசை நின்றது. "விடுங்கள்." விட்டார். ஓசை எழுந்தது. மும்முறை செய்தார்; மும்முறையும் அவ்வாறே.

"கோலிக்குண்டுக்குப் பிரேக் மிதிப்பது தெரியுமா ஐயா?" என்றார் மெக்கானிக்.

அவர் அதோடும் விடவில்லை. அந்தக் குண்டை வாங்கி, இருந்த இடத்திலேயே போட்டு, வண்டியை மீண்டும் ஓட்டச் சொன்னார். குண்டும் ஒலித்தது, ஆனால் அது உருளும் ஒலி. நாம் ஒரு மாலைப்பொழுது முழுதும் தேடியதோ இரும்போடு இரும்பு அடிபடும் ஒலி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் விளங்கும். நமக்கு மட்டும் விளங்காமற் போயிற்று.

ஜாக்கியை வைத்துத் தூக்கி, இடப்புற முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் பற்றி நிறுத்துவது காலிப்பர் என்னும் உறுப்பு. அதனைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகள் இரண்டு. அவற்றுள் ஒன்று அங்கே இல்லவே இல்லை! மற்றொன்று விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது பேடுகள் டிஸ்கைக் கவ்வுகின்றன. காலிப்பர் ஆடாது, ஓசை நிற்கும். விட்டால் ஆடும், அடிபடும், ஒலிக்கும். அவர் அதைக் கையால் அசைத்தார், கடகட என்றது. இறுகப் பற்றிக்கொண்டு அசைத்தார், ஒலியில்லை. வழுவழுப்பான சாலையிலே அது ஒலிக்காததற்கும் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. அந்த இரண்டாவது போல்ட்டும் மலைப்பாதையிலே கழன்றிருந்தால்? காலிப்பர் இடம் பெயர்ந்திருக்கும், சக்கரத்திலே சிக்கியிருக்கலாம், பிரேக் பிடிக்காமலே போயிருக்கலாம். உள்ளே அமர்ந்திருப்போர் ஒரு மூதாட்டியும் இரு குழந்தைகளும்!

புதிய போல்ட்டுகளைப் பூட்டி, இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானரால் முடுக்கினார். ஒலி எழாத வலப்புறச் சக்கரத்தையும் கழற்றிச் சோதித்தார். பிறகு அதே சந்திலே, அதே பள்ளத்திலே ஓட்டிப் பார்த்தார். பெருஞ்சாலைக்குப் போகவில்லை, ஓசை பிறந்த இடத்திலேயே ஓசையைத் தேடினார். இல்லை என்று உறுதியான பிறகே கைகளைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டிலே நடந்ததைக் கூறினோம். கேட்டிருந்த அன்னையார் கூறினார்: "என் பழம் தோற்றது சரி. உன் குண்டும் தோற்றதே தம்பி!"

அந்தச் சொல் நம் நெஞ்சைத் தைத்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள். நாம் செய்த பிழை யாது? தேடினோம், அது பிழையன்று. இயற்கையான காரணத்தைத் தேடினோம், அதுவும் பிழையன்று. கிடைத்ததைக் காரணம் என்று முடிசூட்டினோமே, அதுதான் பிழை. அன்னையார் எலுமிச்சையைச் சோதிக்கவில்லை. நாம் கோலிக்குண்டைச் சோதிக்கவில்லை. ஓசை ஓய்ந்தால் பழத்தின் ஆற்றல் என்று அவர் கூறியிருப்பார்; ஓசை ஓய்ந்தது, குண்டை எடுத்ததன் பயன் என்று நாம் கூறினோம். உடை வேறு, உள்ளம் ஒன்று! எலுமிச்சையை எள்ளிய அதே வாயால் கோலிக்குண்டுக்குக் கோவில் கட்டிவிட்டோம்.

"கண்ணேறும் கோலிக்குண்டும் ஒன்றாகுமா? குண்டு கண்ணால் காணத்தக்க பொருளல்லவா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். காணத்தக்க பொருள் என்பதால் குண்டுக்கு வழக்குமன்றத்தின் வாயிலில் நுழையும் உரிமை உண்டு. ஆனால் நுழைந்ததாலேயே வழக்கில் வென்றதாகாது. சோதனைக்கு உட்படக்கூடிய கருத்து என்பது ஒன்று. சோதனையில் தேறிய கருத்து என்பது மற்றொன்று. முன்னதைப் பின்னதென்று மயங்குவோன், பகுத்தறிவின் பெயரைச் சொல்லிக்கொண்டே பகுத்தறிவைக் கைவிடுகிறான்.

இதற்கு நேர்மாறான நேர்மையைப் பார்க்க வேண்டுமா? அமெரிக்காவிலே நியூஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்னுமிடத்தில், 1964-ஆம் ஆண்டில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர் கொம்பு வடிவிலான பெரியதோர் வானலை வாங்கியைக் கொண்டு ஆராய்ந்தனர். அதிலே வேண்டாத இரைச்சல் ஒன்று விடாது பதிவாயிற்று. எத்திசை திருப்பினும் அதே இரைச்சல். பகலும் இரவும் அதே இரைச்சல். கருவிக்குள்ளே புறாக்கள் கூடுகட்டி எச்சமிட்டிருக்கக் கண்டனர். ஆகா, காரணம் கிடைத்தது! புறாக்களை அகற்றினர், எச்சத்தைத் துடைத்தனர். இரைச்சலோ நீங்கவில்லை. "புறாதான் காரணம், மிச்சமுள்ளது அப்படித்தான்" என்று அவர்கள் கருவியை மூடிவிட்டுப் போகவில்லை. போகாததால், பேரண்டம் இளமையிலே கொண்டிருந்த வெப்பத்தின் எச்சம் இன்றும் வானெங்கும் பரவியிருக்கிறது என்ற உண்மை 1965-இல் உலகுக்குத் தெரிந்தது. 1978-இல் நோபெல் பரிசும் அவர்களைத் தேடி வந்தது. புறாக்கள் பொய்யல்ல, கூட்டிலே இருந்தவைதாம். நம் கோலிக்குண்டும் பொய்யல்ல, காரிலே இருந்ததுதான். இருந்தது என்பதனாலேயே அது காரணமாகிவிடாது. இந்த ஒன்றை அவர்கள் மறக்கவில்லை, நாம் மறந்தோம்.

அப்படியானால் எப்போதுதான் தேடுதலை நிறுத்துவது? வாழ்நாளெல்லாம் வண்டிக்கடியிலே படுத்துக் கிடக்க முடியுமா? முடியாது. அதற்கு விடையை அந்த முதியவரின் செய்கையிலேயே காணலாம். காரணம் என்று கருதியதை அசைத்தால் ஓசை எழ வேண்டும். அடக்கினால் ஓசை அடங்க வேண்டும். எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்ற எல்லா விவரங்களுக்கும் அது பொருந்த வேண்டும். நமக்கு எளிதான சாலையிலே அல்ல, ஓசைக்கு எளிதான சாலையிலே சோதிக்க வேண்டும். இவை அனைத்தும் நிறைவேறினால் ஓயலாம். நிறைவேறாதபோது ஓய்வது அமைதியன்று, சோம்பல்.

இன்னொன்றும் உண்டு, அது அறத்தின் பாற்பட்டது. வண்டியிலே நாம் மட்டும் செல்வோமானால், ஓசையைப் பொறுப்பதும் பொறுக்காததும் நம் விருப்பம். பிறரை ஏற்றிச் செல்லும்போதோ, அறிய முயல்வது கடமையாகிவிடுகிறது. ஏற்காட்டுக்குப் போகவிருந்த குழந்தைகளை யார் கேட்டார்கள், "போல்ட்டைப் பார்க்காமலே போகலாமா" என்று?

இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகருக்கருகில், பிராட்டன் தொங்குபாலத்தின்மீது 1831 ஏப்ரல் 12-ஆம் நாள் 74 போர்வீரர்கள் அணிவகுத்து நடந்தனர். அடி ஒத்து விழவே பாலம் ஆடிற்று. அந்த ஆட்டம் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்ததாம். சீழ்க்கையடித்து மேலும் ஒத்து நடந்தனராம். சங்கிலியைப் பற்றியிருந்த ஓர் இரும்பு போல்ட் முறிந்தது. நாற்பது பேரளவில் ஆற்றிலே வீழ்ந்தனர். உயிர்ச்சேதம் இல்லாதது அவர்கள் பேறு. அதன்பின்னரே பாலத்தின்மேல் அடி ஒத்து நடக்கலாகாது என்று படையிலே கட்டளை பிறந்தது. எச்சரிக்கையை இசையென்று கேட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்கள் சீழ்க்கையடித்தார்கள், நம் நண்பர் வானொலியைக் கூட்டினார்.

"அப்படித்தான்" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் அப்படித்தான். பழைய வீடு என்றால் அப்படித்தான். பழைய வழக்கம் என்றால் அப்படித்தான். அது விடைபோல் ஒலிக்கிறது, ஆனால் விடையன்று. கேள்வியின் வாயிலே திணிக்கப்படும் துணி அது. ஒரு போல்ட்டை மறந்தவர்களுக்கு அந்தச் சொல் எத்தகைய பாதுகாப்பாக இருந்தது பாருங்கள்! பிறர் கூறும் "அப்படித்தான்" என்பதை எதிர்க்க நாம் கற்றிருக்கிறோம். நம் நெஞ்சுக்குள்ளேயே ஒரு "அப்படித்தான்" இருக்கிறதே, நமக்கு உவப்பான விடை கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறதே, அதை எதிர்ப்பதுதான் அரிது.

மறுநாள் நண்பர் குடும்பத்துடன் ஏற்காடு சென்று நலமே திரும்பினார். அந்தக் கோலிக்குண்டைக் குழந்தையிடம் கேட்டு வாங்கி, எழுதும் மேசையின்மேல் வைத்திருக்கிறோம். பிறர் கட்டிய எலுமிச்சம்பழத்தைக் கண்டு நகை எழும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். நகைப்பதற்கு முன் நம் விடையைச் சோதித்தோமா? கரடுமுரடான சந்திலே ஓட்டிப் பார்த்தோமா? ஆம் என்று சொல்ல முடிந்தால் நகைக்கலாம், தோழர்களே. முடியாவிட்டால், சட்டையை மடித்துவிட்டு வண்டிக்கு அடியிலே செல்வோம்!