சுரைக்காய்க்கு வலிக்காது

கற்பது யாருடைய செலவில் என்ற கேள்வியை எழுத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்பதில்லை. தோற்றுப்போன முதல் கவிதையால் யாருக்கும் ரத்தம் வருவதில்லை; காகிதத்தோடு போயிற்று. (விமர்சகன் பிறருடைய முதல் புத்தகத்தின் மேல் பழகுகிறவன் என்பது வேறு விஷயம்.) உடம்பின் மேல் செய்யப்படும் தொழிலில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

என் அக்கா மகன் மருத்துவம் படிக்கிறான். சென்ற விடுமுறைக்குச் செஞ்சி வந்தபோது, அறுவைக் கருவிகளையும் தையல் இழைகளையும் பற்றி ஒரு கட்டுரை தயாரிக்க வேண்டியிருந்தது. பையில் ஊசி பிடிக்கும் கருவி, இடுக்கி, நைலான் இழை. வாழைப்பழத் தோலைக் கீறி, கீறலைத் தைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைச் சந்தையன்று கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக்கால் வாங்கி வந்தான். "தோல் சரியா வருது மாமா. ஆனா இது இழுத்துக்காது, அழுவாது" என்றான்.

குஞ்சலால் பிஷக்ரத்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சுசுருத சம்ஹிதையை இருவருமாகப் படித்தோம். சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரண்டு விரல் நீள உருண்டை ஊசி. சதைப்பிடிப்பான இடத்துக்கு மூன்று விரல் நீளத்தில் முப்பட்டை ஊசி. வயிற்றுக்கும் உயிர்நிலைகளுக்கும் வில்லாய் வளைந்த ஊசி. பையன் தன் பெட்டியைத் திறந்து பார்த்தான். உருண்டை, முப்பட்டை, வளைவு எல்லாம் அதிலும் இருந்தன. இழைகள்: சணல், மரப்பட்டை நார், நரம்பு, மயிர். கிழிந்த குடலுக்குக் கட்டெறும்பைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவைப்பது. எறும்பிலிருந்து கேட்கட்டுக்கு வந்தோம். பெயரில்தான் பூனை, இழை ஆடு மாடுகளின் குடலிலிருந்து செய்வது. லிஸ்டர் அதைக் கார்பாலிக்கில் ஊறவைத்துக் கட்டிய முறையை 1869இல் எழுதினார். அதைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை, உடம்பே கரைத்துக்கொள்கிறது.

எங்களை நிறுத்தியது பயிற்சி பற்றிய அத்தியாயம். வெட்டப் பழகுவது பூசணியிலும் சுரைக்காயிலும் வெள்ளரியிலும். தைக்கப் பழகுவது துணியிலும் மெல்லிய தோலிலும். கட்டுக்கட்டப் பழகுவது பொம்மையின் அங்கங்களில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம். இந்த ஏடு சுரைக்காயைக் கையில் கொடுத்து அறு என்கிறது. கை பழகும்வரை மனித உடம்பு காத்திருக்கட்டும் என்பது இதற்குள் இருக்கும் தர்மம். ஆனால் எத்தனை சுரைக்காய் அறுத்தாலும் முதல் மனிதன் ஒருவன் மிச்சமிருக்கிறான். அவனைச் சுற்றிப் போக எந்த நூலிலும் வழியில்லை.

அவன் யார்? 1794இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் புனே அறுவை ஒன்றைப் பற்றிய கடிதம் வெளியாயிற்று. ஆங்கிலேயப் படையில் மாடோட்டிய கவாஸ்ஜிக்கு, திப்புவின் ஆட்கள் அறுத்த மூக்கை நெற்றித் தோலெடுத்து ஒட்டிய விவரம். செய்தவர் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் என்பதோடு சரி. அங்கே நோயாளிக்குப் பெயர் உண்டு, கைக்குப் பெயர் இல்லை. மற்ற இடங்களில் நேர்மாறு. உடம்பு இழையைக் கரைத்துக்கொள்வதுபோல வைத்தியம் தன் முதல் நோயாளிகளைக் கரைத்துக்கொண்டுவிடுகிறது.

ஒன்பது வயதில் ராஜகிரிப் படியில் விழுந்து எனக்குப் புருவம் கிழிந்தது. தைத்தவர் பயிற்சியிலிருந்த இளைஞர். கை நடுங்க, ஒருமுறை பிரித்து மறுபடி தைத்தார். புருவம் இன்றும் கோணல்தான். நெடுநாள் என்னைக் கடன் கொடுத்தவன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவுக்கு வயிற்றில் அறுவை நடந்தது. காசு கொடுத்துத் தேர்ந்த கையைத் தேடிப் போனோம். தழும்பு நூல்போல இருக்கிறது. அந்தக் கை எங்கே தேர்ந்தது? ஏதோ ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவர்களின் வயிற்றில். நான் கொடுத்ததைவிட வாங்கியது அதிகம்.

பாங்கில் உரியவர் தெரியாத தொகையை அனாமத்தில் வைப்போம். ஆடிட்டர் வந்து ஏன் இன்னும் தீர்க்கவில்லை என்று கேட்பார். அந்த வயிறுகளின் கணக்கை யாரும் கேட்பதில்லை.

"இதுதான் என் முதல் தையல்னு பேஷண்ட்கிட்ட சொல்லணுமா மாமா?" என்று கேட்டான் பையன். சொல்லத்தான் வேண்டும் என்றேன். "சொன்னா யார் கையை நீட்டுவாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பொய் சொல்லாமல் கற்க முடியாத ஒரு வித்தை நல்ல வித்தைதானா என்ற கேள்வி மட்டும் இருந்தது.

போன மாதம் போன் செய்தான். தகரம் கிழித்த முன்கை, நாலு தையல். மேலே பெரிய டாக்டர் நின்றிருந்தார். இவன் சொல்லிவிட்டானாம். அந்த ஆள் ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையை எடுத்துக்கொள்ளவில்லை.

இது சம்மதமா, வேறு போக்கில்லாமையா? பற்றிலா வரவிலா, எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.