ஆலோசனையும் அமானிதமே

வீடு வாங்க எண்ணுபவர் பணத்தைச் சேர்த்துக்கொண்டதும் விசாரிக்கத் தக்க மனிதர் ஒருவரைத் தேடுகிறார். "இந்த இடத்தை வாங்கலாமா?" என்று அவரிடம் கேட்கிறார். இக்கேள்விக்கு விடை கூறுபவரின் பொறுப்பு எத்தகையது? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

காரைக்குடி 2024 இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அதனையடுத்த கோவிலூர், வேதாந்தக் கல்வியால் பெயர்பெற்ற மடத்தையுடைய பழைய ஊர். இப்பக்கத்தில் குடியிருப்பதற்காக மட்டுமின்றி, விலையேற்றத்தை நாடியும் மனை வாங்கிப்போடுவோர் உண்டு. திருமண விருந்திலும் தேநீர்க் கடையிலும் அவர்களுக்கு அதுவே பேச்சு.

சில ஆண்டுகளுக்குமுன், ஸபரிலிருந்து திரும்பிய அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். கோவிலூர்ப் பக்கம் ஓட்டு வீட்டுடன் ஒரு மனை விலைக்கு வருவதாகவும், வில்லங்கச் சான்றிதழில் குறையேதும் இல்லையென்றும் கூறி நம் கருத்தைக் கேட்டார். அச்சொத்தின் வாரிசுகளுள் ஒரு சகோதரி தம் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நாம் அறிந்திருந்தோம். வில்லங்கச் சான்றிதழ் பதிவானவற்றையே காட்டும். பதிவாகாத பாத்தியதையை ஊரறிந்தவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் அவ்விற்பனைக்குத் தரகராக நின்றவர் நம் மைத்துனர். "எதற்கும் வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கூறியனுப்பினோம். பொய் சொல்லவில்லை, மெய்யையும் சொல்லவில்லை. அவர் வாங்கினார், வழக்கும் வந்தது. இன்றும் நம்மைக் கண்டால் அவர் முந்திக்கொண்டு ஸலாம் கூறுகிறார்.

வாங்குபவர் தாமே விசாரித்துக்கொள்ளட்டும் என்று சிலர் கூறுவர். அவர் நம்மிடம் வந்து கேட்டதே அவருடைய விசாரணையன்றோ? பிறர் குறையைப் பேசுவது புறமாகாதா என்றும் அன்று நாம் சமாதானம் செய்துகொண்டோம். கிதாபு ஓதிய நமக்கு அது தகாது. ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், குறை பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணும்போது, சம்பந்தம், கூட்டு வாணிபம், அண்டை வீடு முதலியன குறித்து ஆலோசனை கேட்கப்படுவதையும் அவற்றுள் சேர்த்துள்ளார்கள். கேட்கப்பட்டவர் உண்மையை மறைக்கலாகாது. அவரை அமானிதம் ஏற்றவராகவே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கருதினார்கள். தேவைக்கு மிஞ்சிப் பேசினால் அது புறம். தேவையானதைப் பேசாதிருந்தால் அது மோசடி.

மற்றொரு வகை ஆலோசகர்களும் உளர். ஒரே இடத்தில் மனை வாங்கிய நண்பர்கள், "நீங்களும் வாங்குங்கள்" என்று பிறரை அழைப்பார்கள். பலர் வாங்கினால் தம் மனைக்கும் விலை ஏறும் என்பதை மட்டும் கூறமாட்டார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை உயர்த்திக் கேட்கும் நஜ்ஷு மார்க்கத்தில் விலக்கப்பட்டது. தம் ஆதாயத்தை மறைத்துப் புகழ்வது நஜ்ஷு ஆகாதெனினும், அதற்கு நெருங்கிய உறவு என்றே நாம் எண்ணுகிறோம். தரகுக் கூலி ஆகாதென்பதன்று நம் கருத்து. கூலியை மறைத்துக்கொண்டு நண்பராகப் பேசுவதே குற்றம்.

2016 ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுக்குரிய திட்டங்களில் மனையும் வீடும் விற்றுத்தரும் முகவர்களும் பதிவு பெறவேண்டும் என்று விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்து, உறவினராகவும் நண்பராகவும் நாம் கூறும் சொல்லை எந்த அலுவலகம் பதிவு செய்யும்? அதனைப் பதிவு செய்வோர் நம் இரு தோள்களிலும் இருக்கிறார்கள்.

ஆகவே, ஆலோசனை கேட்கப்படுபவர் தமக்கோ தம்மவர்க்கோ அதில் உள்ள ஆதாயத்தை முதலில் கூறட்டும். அறிந்த குறையை அடுத்துக் கூறட்டும். அதன்பின் தம் கருத்தைக் கூறட்டும். உறவு கசக்குமெனில், "இதில் என்னைக் கேளாதீர்கள், எனக்கு வேண்டியவர் இதில் இருக்கிறார்" என்றாவது கூறட்டும். அந்த ஒரு வார்த்தையே கேட்பவரை விழிக்கச் செய்யும். அதைக்கூட நாம் அன்று கூறவில்லை.

இவ்விதழ் அந்த அன்பர் கையை அடையுமுன், அவர் இல்லம் சென்று நம் குறையை ஒப்புக்கொள்ள எண்ணியுள்ளோம். வல்ல இறைவன் அதற்குரிய துணிவைத் தந்தருள்வானாக!