தாள் கேட்காத தொழில்

ஊரில் வணிகப் பட்டம் பெற்று, பேரேடும் ஐந்தொகையும் கற்ற நாம், அகதிகளாக ரொறன்ரோ வந்து, ஸ்காபரோ நூலகத்தில் எடுத்த புத்தகங்களை வைத்து இரவிரவாகக் கணனி நிரல் எழுதப் பழகினோம். இன்று அதுவே நமது தொழில். 'கனடிய அனுபவம் உண்டா?' என்று கேட்டு மற்றக் கதவுகள் மூடியபோது இந்தக் கதவு திறந்திருந்தது. அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு.

ஆனால் அது திறந்திருந்த காரணத்தையும் யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவில் கணக்காய்வு செய்து கையெழுத்திட அனுமதிப்பத்திரம் வேண்டும். முடி வெட்டுவதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆயிரம் பேரின் சம்பளத்தைக் கணக்கிடும் மென்பொருளை எழுதுபவரிடம் சட்டம் ஒரு தாளும் கேட்பதில்லை. 'என்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளத்தான் தடை! அப்படியானால் நாம் யாருக்குப் பொறுப்பு?

பிரித்தானியத் தபாலகங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கணனி பிழை விடாது என்று அதிகாரிகளும் நம்பினர், நீதிமன்றங்களும் நம்பின. 2015 வரை 900க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். நம்மைப் போலத் தெற்காசியாவிலிருந்து போய்க் கடை வைத்தவர்களும் அவர்களுள் பலர். தீர்ப்புகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024இல்தான் வந்தது.

அதை வீட்டு மேசையில் தானாகப் படித்த ஒருவர் செய்யவில்லை. பெரிய நிறுவனங்கள் செய்தவை அவை. ஆகவே தாள் இருந்தால் எல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. கணக்காய்வு படிக்கும் முதலாம் வருட மாணவன்கூட, "இந்தத் தொகைக்குப் பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்டிருப்பான். பழைய தொழிலிலிருந்து நாம் கொண்டுவந்த சொத்து அந்தக் கேள்விதான். இளையவர்கள் நம்மைவிட வேகமாக நிரல் எழுதுவார்கள், அதை ஒப்புக்கொள்கிறோம்.

கேட்பது இலகு அல்ல. கணக்காய்வாளர் கையெழுத்திட மறுத்தால் அவருக்குப் பின்னால் ஒரு தொழிற்சங்கை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, "இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை, திங்கள் வெளியிடக் கூடாது" என்று சொல்லும் நிரலாளருக்குப் பின்னால் வீட்டுக்கடனும், ஊருக்கு அனுப்பவேண்டிய காசும்தான் நிற்கின்றன. வேலை போனால் யார் தருவார் என்று மனைவிமார் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. இருந்தும், அந்தச் சம்பளக் கணக்கில் பிழைபட்டால் வாடகை கட்ட முடியாமற் போவது நம்மைப் போல் நேற்று வந்த ஒருவருக்காக இருக்கலாம்.

ஆகவே சொல்லிவிடுகிறோம். சொன்னதை எழுத்திலும் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்கிறோம். கணக்காளர் புத்தி எங்கே போகும்?